38,000 ரூபாயும் அடித்துத் திருத்திய பெயரும்

எங்கள் திருமணம் முடிந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சென்னையில் புரோகிதர் இல்லாமல், தமிழில், தங்கள் கதையைச் சொல்லித் திருமணம் செய்துகொள்ள நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் ஏமாந்தது, திருமணத்தை நடத்தி வைக்க ஆள் அனுப்பும் ஓர் இணையவழி ஏற்பாட்டு நிறுவனத்திடம்.

சட்டப்படி எங்களுக்கு அப்படி ஒருவர் தேவையே இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தமிழ்நாட்டுக்கெனச் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உறவினர்கள் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். ஆகவே நாங்கள் பணம் கொடுத்தது பேச்சுக்காக மட்டும்தான். அந்தப் பேச்சைத்தான் அவர்கள் தரவில்லை.

நான் அவர்களை நம்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெசன்ட் நகரில் ஒரு காபிக்கடையில், எங்கள் திருமணத்தை நடத்தி வைக்க அந்த நிறுவனம் அனுப்பிய பெரியவர் இரண்டு மணி நேரம் எங்களைப் பேசவிட்டுக் குறிப்பெடுத்தார். தாம்பரம் மின்சார ரயிலில் நாங்கள் அறிமுகமானதையும், மறைந்த என் பாட்டி அடிக்கடி சொல்லும் "அன்பும் அறனும்" என்று தொடங்கும் 45ஆம் குறளையும் எழுதிக்கொண்டார். கணவனையே தொழும் மனைவியைப் புகழும், "தெய்வம் தொழாஅள்" என்று தொடங்கும் 55ஆம் குறளை மட்டும் என் திருமணத்தில் படிக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்து, "புரிகிறது அம்மா" என்று சொல்லி, '55 வேண்டாம்' என்று எழுதி அதன் கீழ் இரண்டு கோடுகள் போட்டார். முன்பணமாக 10,000 ரூபாய் கொடுத்திருந்த நான், அந்த இரண்டு கோடுகளை நம்பி மீதி 28,000 ரூபாயையும் அன்றிரவே அனுப்பிவிட்டேன்.

மயிலாப்பூர் மண்டபத்துக்கு முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் முன்பு வந்தவர் வேறொருவர். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, விவரமெல்லாம் தம்மிடம் இருக்கிறது என்றார். அவர் கையில் இருந்த தாளில் முன்பு யாருக்கோ அச்சடித்த பெயர்களை நீலப் பேனாவால் அடித்து, மேலே எங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் அடிக்க மறந்துவிட்டார்கள் போலும். ஒலிபெருக்கியில் மணமகனை வேறு பெயர் சொல்லி அழைத்தார். நாங்கள் கல்லூரி நூலகத்தில் சந்தித்தோம் என்றும் சொன்னார். பாட்டியின் குறள் வரவே இல்லை. வந்தது 55ஆம் குறள், அதுவும் பொழிப்புரையோடு.

மறுநாள் அழைத்தபோது நிகழ்ச்சிப் பிரிவிடம் கேட்கச் சொன்னார்கள்; அங்கே கணக்குப் பிரிவைக் கைகாட்டினார்கள்; கணக்குப் பிரிவோ ஏழு வேலை நாட்கள் பொறுக்கச் சொன்னது. பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டுமே விழுந்தது. நேற்று பேசிய பெண், "பணமாகத் தர முடியாது மேடம், உங்கள் வளைகாப்புக்கு இந்த 38,000 ரூபாயைக் கழித்துக்கொள்கிறோம்" என்றார். திருமணமாகிப் பதினொரு நாளான என்னிடம் சொன்ன சமாதானம் இது!

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். யார் வருவார் என்பதைப் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். படிக்கப்போகும் உரையை இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர்கள் தரும் தங்க முத்திரைச் சான்றிதழ் பதிவுச் சான்று ஆகாது; தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. இன்னும் நிறையச் சொல்ல நினைத்தேன்; சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.