பின்விளக்கைப் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சி

போலீஸ் துரத்தலில் சீறிப் பாயும் காரை இன்ன கார் என்று சொல்ல வேண்டுமானால், பெரும்பாலும் நம் கண்ணில் படுவது அதன் பின்புறம் மட்டுமே. கிரைட்டீரியன் நிறுவனம் 2010இல் உருவாக்கி, 2020 நவம்பரில் மெருகேற்றப்பட்டு மறுபடியும் வெளிவந்த 'நீட் ஃபார் ஸ்பீடு: ஹாட் பர்சூட்' வீடியோ கேமைப் பந்தயத்துக்காகத்தான் வாங்கினேன், இப்போதோ கார்களை அடையாளம் காணும் பயிற்சிக்காகவே அதை அதிகம் திறக்கிறேன்.

சீக்ரெஸ்ட் கவுண்டி என்னும் கற்பனை நிலப்பரப்பில், பந்தய ஓட்டுநராகவும் ஆடலாம். அவர்களைத் துரத்தும் போலீஸாகவும் ஆடலாம். போலீஸாக ஆடும்போதுதான் கண்ணுக்கு உண்மையான வேலை. நடுவில் கொத்தாக நான்கு சைலன்சர் குழாய்கள் தெரிந்தால் அது பகானி சோண்டா; கூபே (நிலையான கூரையுள்ள இருகதவுக் கார்) வடிவில் ஐந்தே ஐந்து செய்யப்பட்ட சிங்க்வே வகையை நேரில் துரத்திப் பார்க்க நமக்கு வேறு வழியில்லை. இருபுறமும் இரண்டிரண்டு வட்ட விளக்குகள் தெரிந்தால், ஓட்டுநர் நட்டநடுவில் அமரும் மெக்லாரன் எஃப்1 என்று முதலில் சந்தேகிக்கலாம். லம்போர்கினியின் மூர்சியலாகோவையும், அதன் இயந்திர அடித்தளத்தின் மேல் போர் விமானச் சாயலில் வடிவமைக்கப்பட்ட ரெவென்டோனையும் பிரித்தறிவதில்தான் நான் இன்னும் தடுமாறுகிறேன்.

கார்களின் உடலமைப்பை மாற்றியமைக்கும் வசதி இதில் இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நான் அதை நிறையாகவே கருதுகிறேன், ஏனென்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்திலேயே கார் ஓடுவதால், இங்கே பழகிய கண் வெளியே ஏமாறாது. போலீஸ் வண்டிகளிலோ எல்லாவற்றுக்கும் காவல் துறையின் பட்டையும் சுழல்விளக்கும் இருப்பதால், நிறத்தை நம்ப முடியாமல் உடல்வாகை மட்டுமே வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த கேமைப் பார்த்து, விலையுயர்ந்த புகாட்டி வேரானில் போலீஸா என்று சிரித்தவர்கள், துபாய் காவல் துறை 2014இல் அதையே தன் அணியில் சேர்த்ததைப் பார்த்திருப்பார்கள்.

எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு. எதிராளியை மோதிக் கவிழ்த்ததும் காட்சி அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. பார்வை நம் காருக்கு மீளும்போது வளைவு முகத்துக்கு நேரே நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் கோணமும் இல்லை.

கார்களின் பட்டியலில் பெரிய ஓட்டை ஃபெராரி. 1998இல் வந்த முதல் 'ஹாட் பர்சூட்'டில் ஃபெராரியின் 550 மரனெல்லோ ஓடியது. இதில் ஒரு ஃபெராரிகூடக் கிடையாது. முன்பு தனியாக விற்கப்பட்ட லம்போர்கினியின் டியாப்லோ எஸ்வி, கவுன்டாச் போன்றவை புதிய பதிப்பில் சேர்ந்தே வருகின்றன. ஆனால் மெர்சிடிஸின் எஸ்எல்ஆர் ஸ்டிர்லிங் மாஸ், எஸ்எல்65 பிளாக் சீரிஸ் இரண்டும் நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே, 2010 பதிப்பின் வட்டு வைத்திருப்பவர்கள் புதியதை வாங்கினாலும் பழையதை விற்றுவிட வேண்டாம்.