கராஜில் விட்ட கார் களவு போனால்: கராஜ்காரரைப் பிடிப்பதா, காப்புறுதிக் கம்பனியைப் பிடிப்பதா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கார் திருத்தக் கொடுப்பது பெரும்பாலும் தெரிந்தவருடைய கராஜில்தான். அதனால் டிங்கர் வேலைக்கு விட்ட கார் விடிந்து பார்க்கும்போது காணவில்லை என்றால், கிளெய்ம் பேச்சுக்கு முன்னமே சமரசப் பேச்சு தொடங்கிவிடும். "பொலிசுக்குப் போகாதீங்க தம்பி, மறுகா பேசித் தீர்ப்பம்" என்பார் கராஜ்காரர். ஊர்ப் பெரியவர் ஒருவரும் நடுவில் வந்து உட்காருவார். உங்கள் கையில் ஃபுல் இன்சூரன்ஸ் பொலிசி ஒன்றும் இருக்கும். எந்தப் பக்கம் போவது?

தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. களவு போன சொந்த வாகனத்துக்கு அதில் ஒரு சதமும் வராது. அவர்களுக்குக் கராஜ்காரர்தான் கதி. மற்றவர்களுக்கு என் கட்சி இதுதான்: முதலில் காப்புறுதிக் கம்பனி, பிறகு கராஜ்காரர். இந்த வரிசையை மாற்றினால் இரண்டையும் இழக்க வாய்ப்பிருக்கிறது.

காரணம் பலருக்குத் தெரியாத ஒன்று. கம்பனி உங்களுக்குப் பணம் தந்ததும், களவுக்குக் காரணமானவரிடமும் கவனக்குறைவாக இருந்தவரிடமும் அந்தப் பணத்தை வசூலிக்கும் உரிமை கம்பனியின் கைக்குப் போகிறது. அதற்கு முன்பே நீங்கள் ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் கம்பனியின் அந்த உரிமையை நீங்களே அழித்தவராகிறீர்கள். அதைக் காட்டியே கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். கராஜ்காரரோ முதல் தவணையோடு கையை விரித்துவிடலாம். ஆகவே, அவரோடு பேசலாம், தேநீர் குடிக்கலாம், கையெழுத்து மட்டும் வேண்டாம். அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது கார் எந்தத் திகதியில், என்ன வேலைக்கு, எந்தச் சாவியோடு அவர் பொறுப்பில் வந்தது என்ற ஒரு கடிதம். ஜொப் கார்ட் இருந்தால் அதன் பிரதி.

வேகத்தைப் பார்த்தால் கராஜ்காரர் கிட்ட, கம்பனி தூரம் என்றுதான் தோன்றும். கிளை ஊரில் இருந்தாலும் முடிவு கொழும்பில். ஆனால் கம்பனியின் தாமதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அன்றே ஹொட்லைனுக்கு அறிவிக்க வேண்டும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிளெய்ம் படிவம், சீஆர் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பிரதி, இரண்டு சாவிகள் எல்லாம் கொடுக்க வேண்டும். முறைப்பாடு கார் களவு போன இடத்துப் பொலிசில் போட வேண்டும். வீடு கல்முனை, கராஜ் காத்தான்குடி என்றால் மாவட்டமே மாறுகிறது. கல்முனையில் போட்டுவிட்டு வந்தால் அலைச்சல்தான் மிச்சம். கார் எண்ணும் சேசிஸ் இலக்கமும் கொடுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவித்தால், வேறு பெயருக்கு மாற்ற முயன்றால் அங்கேயே மாட்டும்.

கம்பனி துருவுகிற இடம் சாவி. இரண்டாவது சாவி எங்கே, கராஜில் அதை யார் வைத்திருந்தார், இரவில் காருக்குள்ளேயே விட்டார்களா என்று கேட்பார்கள். நியாயமான பாதுகாப்பு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அனேகமாக எல்லாப் பொலிசியிலும் இருக்கும். சுவரில் ஆணி அடித்துச் சாவிகளை வரிசையாகத் தொங்கவிடுகிற கராஜ்கள் நம் பக்கம் குறைவில்லை. அது உங்கள் குற்றமா கராஜ்காரர் குற்றமா என்ற வாதம் அங்கேதான் தொடங்கும். தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம். பொலிசில் சொன்னதற்கும் கம்பனி விசாரணையாளரிடம் சொன்னதற்கும் ஒரு சொல் வித்தியாசம் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த சிக்கல், எடுத்தது யார் என்பது. மதில் பாய்ந்து வந்தவன் எடுத்தால் களவு. கராஜில் வேலை செய்த பொடியனே ஓட்டிக்கொண்டு போயிருந்தால் நம்பிக்கை மோசடி என்று கம்பனி வாதிடலாம். சில பொலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். சின்ன எழுத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தை வாசியுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த ஒரு நிலைமையில்தான் கராஜ்காரர் பக்கம் கனம் கூடுகிறது. தன் ஆள் செய்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்த காரின் இன்றைய சந்தை விலை 60 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பனி தருவது அதிகபட்சம் 40. மறுபுறம், 70க்குப் போட்டிருந்தாலும் 60தான் தருவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை எகிறியது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் தவணைக் கட்டணம் கூடிவிடும் என்று பழைய பெறுமதியிலேயே புதுப்பித்தவர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள். அந்த 20 இலட்ச வித்தியாசம், கார் இல்லாத நாட்களில் வான் பிடித்த செலவு, காருக்குள் கிடந்த சாமான் இவற்றைக் கம்பனி பொதுவாகத் தராது. கராஜ்காரரிடம்தான் கேட்கலாம். அவரிடம் போக வேண்டியது இந்த மிச்சத்துக்காக. அவர் சுவரில் "வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்" என்று எழுதி வைத்திருந்தாலும், பூட்டில்லாத கேற்றுக்கு அந்தப் பலகை பதில் ஆகாது என்று ஒரு சட்டத்தரணி வாதிட இடமுண்டு. வாய்ப் பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 3 வருடம்தான் காலம், அதையும் மனதில் வையுங்கள். கராஜ்காரரிடம் அவ்வளவு பணம் இருக்கிறதா என்பது வேறு கதை. தன் பொறுப்பிலுள்ள வாகனங்களுக்கென்று காப்புறுதி எடுத்த சிறிய கராஜைக் காண்பது அரிது.

லீசிங்கில் எடுத்த கார் என்றால் பணம் முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும், மிச்சம் உங்களுக்கு. கிளெய்ம் முடியும்வரை மாதத் தவணை நிற்காது. ஓப்பன் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்த வெற்று மாற்றுப் படிவத்தோடு வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓடியவர்கள் நிலை இன்னும் மோசம். காரில் உங்களுக்கு என்ன உரித்து என்று கம்பனி கேட்கும், அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

கம்பனி மறுத்தால், அல்லது தரும் தொகை கேலிக்கூத்தாக இருந்தால்? எழுத்தில் காரணத்தோடு இறுதி முடிவைக் கேளுங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன "சேர், கஷ்டம்" முடிவாகாது. அந்தக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது காப்புறுதித் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்பவரிடம் போகலாம். செலவில்லை, தபாலில் அனுப்பலாம், தொகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. தீர்வு பிடிக்காவிட்டால் நீதிமன்றம் திறந்தே இருக்கும். ஆனால் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் ஒம்புட்ஸ்மன் அதைத் தொடமாட்டார். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. கம்பனி இழுத்தடிக்கிறது, கடிதத்துக்குப் பதிலில்லை என்றால் அங்கே எழுதுவது பலன் தரும். தொகையில் தகராறு என்றால் ஒம்புட்ஸ்மன்தான் என் தெரிவு. வழக்குக்கு வருடக்கணக்கு. பெரிய தொகைக்கும் வேறு வழி இல்லாதபோதும்தான் அது.

சில சமயம் கார் கிடைத்துவிடும். செங்கலடியில் பதுளை வீதி, திருக்கொண்டியாமடுவில் ஹபரண வீதி, தெற்கே பொத்துவில் தாண்டி மொனராகலை என்று வெளியே போகப் பல வழிகள் இருப்பதால், ஒரே இரவில் அது வேறு மாகாணத்தில் இருக்கலாம். பணம் வாங்கிய பிறகு கிடைத்தால் கார் கம்பனியுடையது. பணம் வாங்கும் முன் கிடைத்தால் நீதவான் நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாக நிற்கும், பிணை முறியில் எடுக்கலாம், கம்பனி சேதத்துக்கு மட்டும் தரும். சீட்டும் ரேடியோ செட்டும் பற்றரியும் கழன்று, வயர் வெட்டப்பட்டு வருகிற காரைவிடப் பணம் மேல் என்பேன். ஆனால் அந்தத் தெரிவு உங்கள் கையில் இருப்பதில்லை, எது முந்துகிறதோ அதுதான்.