மாலை ஆறு மணிக்குப் பிறகு: சென்னையும் பெங்களூரும்

சென்னையா, பெங்களூரா என்று கேட்கும் இளையவர்கள் பெரும்பாலும் சம்பளத்தையும் வெயிலையும் வைத்தே கேட்கிறார்கள். 2018 முதல் இரண்டு ஊர்களிலும் வேலை பார்த்தவள் நான். என் அளவுகோல் வேறு. வேலை முடிந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை உள்ள நேரத்தில் எவ்வளவு நம் கைக்கு வருகிறது என்பதுதான் அது. பகலை அலுவலகம் எடுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலும் அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவதிலும் போய்விடுகிறது. இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு மிஞ்சுவது மாலைதான்.

முதல் வேலை சென்னையில். மயிலாப்பூரில் மகளிர் விடுதி, பெருங்குடியில் அலுவலகம். இடையில் பறக்கும் ரயில். நிலையங்கள் பாதி இருட்டாக இருக்கும், எஸ்கலேட்டர் நின்றே கிடக்கும், ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சாலை நெரிசல் எதுவும் அதைத் தொடாது. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் திருமயிலையில் இறங்கிவிடலாம். அந்நேரம் கடற்காற்றும் ஊருக்குள் வந்திருக்கும். சென்னை வெயிலைத் திட்டுகிறவர்கள் இந்தக் காற்றைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மே மாதத்தில் அது தாமதமாக வரும் நாட்களில் மட்டும் நானும் அவர்களோடு சேர்ந்து திட்டுவேன்.

இப்படிக் கையில் கிடைத்த மாலையை விடுதி வாங்கிக்கொண்டது. ஒன்பது மணிக்குக் கதவு மூடப்படும். டிசம்பர் சபாக்களில் முக்கியமான கச்சேரி சூடு பிடிக்கும் நேரத்தில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். சரி, தோழிகளோடு சேர்ந்து வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றால், பேச்சிலர்களுக்கு இல்லை என்பார்கள். அந்தச் சொல் ஆண்களுக்கு மட்டுமானது என்று நினைத்திருந்தேன். சைவமா என்று கேட்பார்கள். கேட்பது சாப்பாட்டைப் பற்றி மட்டுமல்ல என்று இருவருக்கும் தெரியும். பெங்களூரிலும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அங்கே அடுத்த தெருவில் கேட்காத ஒரு வீட்டுக்காரர் கிடைத்துவிடுகிறார்.

2021இல் பெங்களூர் போனேன். மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி, அதாவது சாப்பாட்டோடு தங்கும் விடுதி. விரல் வைத்தால் கதவு திறக்கும். எத்தனை மணிக்கு வந்தேன், யாருடன் வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் வாரம் அந்தச் சுதந்திரத்தில் சும்மாவே இரவு பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போனோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜூன் மாதத்திலும் மெல்லிய சால்வை கேட்கும் இரவுகள் உண்டு. இதைவிட நல்ல மாலையை இந்தியாவின் வேறு எந்தப் பெருநகரமும் தராது என்றே சொல்வேன்.

ஆனால் அந்த மாலை காருக்கும் பஸ்ஸுக்கும் வெளியேதான் இருந்தது. ஒயிட்ஃபீல்டில் அலுவலகம். மழை தூறினால் போதும், வண்டிகள் அப்படியே நின்றுவிடும். ஜே.பி. நகரில் ரங்கசங்கரா என்றொரு நாடக அரங்கம் இருக்கிறது. திங்கள் தவிர நாள்தோறும் நாடகம். சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள், தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அருமையான விதி. ஒயிட்ஃபீல்டிலிருந்து வார நாளில் கிளம்பும் ஒருத்தியால் அதை மதிக்கவே முடியாது. நாடகத்துக்காக அரைநாள் விடுப்பு எடுத்தவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் எடுத்திருக்கிறேன்.

2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கிருஷ்ணராஜபுரத்துக்கும் இடையே விடுபட்டிருந்த சிறு துண்டு இணைந்து, மெட்ரோவின் பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை ஒரே ஓட்டமாக ஓடத் தொடங்கியது. அதே மாதம் நான் அந்தப் பாதையிலேயே இருக்கும் அல்சூருக்கு வீடு மாறினேன். டின் ஃபேக்டரி சந்திப்பில் நின்று செத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததும் அதற்கு முன் வாழ்ந்ததும் ஒரே ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பன் பூங்காவில் சனிக்கிழமை காலை புத்தகத்தோடு வந்து பேசாமல் படித்துவிட்டுப் போகும் கூட்டத்தில்தான் இன்றைய என் நெருங்கிய நண்பர்கள் இருவரைக் கண்டுபிடித்தேன். எல்லோருமே வெளியூர்க்காரர்கள் என்பதால் அந்த ஊரில் புது மனிதரிடம் பேசுவது எளிது. சென்னையில் உடன் வேலை செய்பவர்களுக்குப் பள்ளி நண்பர்களும் அத்தை வீடும் அங்கேயே இருக்கும். மாலையில் அவர்கள் அங்கே போய்விடுவார்கள்.

அல்சூரில் தமிழ் போதும். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை வைத்தார்கள். ஆனாலும் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு ஆறு மாதப் பழக்கத்தில் கடை, ஆட்டோ, வீட்டுக்காரர் அளவுக்குப் பேச வந்துவிடும். கற்காமலேயே பத்தாண்டு இருப்பவர்களை அவ்வூர்க்காரர்கள் முறைப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பணத்துக்கு வருவோம். சம்பளம் பெங்களூரில் அதிகம் என்பது பொதுவாக உண்மை. அதைவிடப் பெரிய வசதி, வீடு மாறாமலே வேலை மாறலாம். சென்னையில் அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்கு வேலை மாறினால் கிட்டத்தட்ட ஊரே மாறியதுபோலத்தான். ஆனால் அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூர் கொடுமையானது. பத்து மாத வாடகை கேட்பது அங்கே பழைய வழக்கம். இப்போது பலர் குறைத்துக்கொண்டாலும் ஐந்தாறு மாதத்துக்குக் கீழே பேசிக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு அப்போது இன்னொரு வித்தியாசமும் இருந்தது. நான் பெங்களூரில் இருந்த ஆண்டுகளில் வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்கின் உச்சவரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், பெங்களூரில் 40. மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் சென்னையில் 50 ரூபாய். பெங்களூரில் 2025 பிப்ரவரியில் 90 ஆனது. பெண்களுக்கு இலவச பஸ் இரண்டு மாநிலங்களிலும் உண்டு. கர்நாடகத்தில் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். என் ஆதாரில் மதுரை என்று இருந்ததால் கடைசிவரை காசு கொடுத்தே பயணம் செய்தேன்.

தண்ணீரைச் சொல்லிப் பெங்களூரோ சென்னையோ ஒன்றையொன்று கேலி செய்ய முடியாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது; ஐடி அலுவலகங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதே தண்ணீருக்காகத்தான், கொரோனாவுக்கு முன்பே. 2024 மார்ச்சில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் கைவிட்டன. வெள்ளமும் அப்படியே: 2022 செப்டம்பரில் பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் டிராக்டரில் அலுவலகம் போனார்கள். வீடு பார்க்கும்போது பெங்களூரில் காவிரிக் குழாய் வருகிறதா, சென்னையில் மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறதா, முழுக்க டேங்கரா என்று புரோக்கரிடம் கேட்பதைவிடக் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

ஊருக்குப் போவது என் போன்ற தென்மாவட்டக்காரர்களுக்குச் சென்னையில்தான் சுலபம். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது மதுரை. பெங்களூரிலிருந்து 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்தே பாரத் வந்தது, ஆனால் பகலில் ஓடுவதால் அதற்கும் விடுப்பு வேண்டும். சேலம், தர்மபுரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

அப்பாவின் சிகிச்சைக்காக 2025இல் சென்னை திரும்பினேன். நங்கநல்லூரில் வீடு, கிண்டியில் அலுவலகம், நடுவில் சில நிமிட மெட்ரோ. முப்பதை நெருங்கியதால் வீட்டுக்காரர்கள் இப்போது சற்று மரியாதையாகப் பேசுகிறார்கள். மாலை முழுவதும் என்னுடையது. அதில் சந்திக்க ஆட்கள்தான் குறைவு.

சித்தி மகளுக்கு இந்த ஆண்டு இரண்டு ஊர்களிலும் வேலை கிடைத்திருக்கிறது. பெங்களூருக்குப் போ என்றேன். அலுவலகம் மெட்ரோவுக்கு அருகில் இல்லையென்றால் அந்த வேலை வேண்டாம், சென்னை வேலையை எடுத்துக்கொள் என்றும் சொன்னேன். ஸ்கூட்டரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து, அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். முன்பே இங்கிருந்து தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு அங்கேயே ஒரு பழைய வண்டி வாங்கிவிடலாம்.