கன்னியாப் பக்கத்தில் ஒரு பறவை நடை: கதிர்குருவிகளுக்காகவே போகலாம்

மாசி மாதத்தில், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னர், திருகோணமலை நகரிலிருந்து கன்னியாப் பக்கமாக அழைத்துச் செல்லும் அரைநாள் பறவை நடை ஒன்றில் கலந்துகொண்டேன். பல ஆண்டுகளாக ஒன்றுபோலவே தெரிந்து என்னைத் திணறடித்த, பூச்சி தின்னும் சிறு பறவைகளான வலசைக் கதிர்குருவிகளைப் பிரித்தறியக் கற்கவேண்டும் என்பதே என் நோக்கம்.

வழிகாட்டியாக வந்த தம்பி முதல் அரை மணி நேரம் தொலைநோக்கியைத் தொட விடவில்லை. "ஐயா, முதலில காதைக் குடுங்கோ, கண் பிறகு" என்றார். அது எவ்வளவு சரியென்று விரைவில் விளங்கியது. இமயமலைப் பகுதியில் கூடுகட்டி இங்கே குளிர்காலம் கழிக்க வரும் பெரிய அலகு இலைக் கதிர்குருவி, இரண்டாம் அசை மேலேறும் தெளிவான சீழ்க்கையை எழுப்புகிறது. காக்கசஸ் மலைகளிலிருந்து வரும் பச்சைக் கதிர்குருவியோ மூன்று அசைகளில் சுருக்கமாகக் கூவுகிறது. காதால் பிரித்த பின்னரே, முன்னதன் கருமையான முதுகும் தடித்த அலகும், பின்னதன் முகத்திலும் அடிப்பகுதியிலும் படர்ந்த மஞ்சளும் கண்ணுக்குப் பிடிபட்டன. சிறகில் உள்ள வெளிர்கோட்டை மட்டும் நம்பக்கூடாது என்றார். இறகு தேயத் தேய அது மங்கிவிடும். தாழ்ந்த பற்றைக்குள் "டெக், டெக்" என்று ஒலித்த பழுப்பு நிறப் பறவை பிளித் நாணற் கதிர்குருவி.

பச்சைக் கதிர்குருவி முன்னர் இளம்பச்சைக் கதிர்குருவியின் கிளையினமாகவே கருதப்பட்டது. பின்னது இலங்கையில் அரிது. எங்களுடன் வந்த ஒருவர், வேப்பமரத்தில் மங்கலாகத் தெரிந்த ஒன்றை அந்த அரிய இனமென்று குறிக்கச் சொன்னபோது, குரல் கேட்காமல் எழுதமாட்டேன் என்று தம்பி மறுத்துவிட்டார். அந்த நேர்மைக்காகவே கொடுத்த பணம் தகும். பறவையை வரவழைக்கக் கைபேசியில் பதிவுக்குரலை அவர் ஒருமுறையும் ஒலிக்கவிடவில்லை.

குறைகளும் உண்டு. ஒற்றையடிப் பாதையில் எட்டுப் பேர் அதிகம். பின்னால் நின்றவர்களுக்குப் பாதிப் பறவைகள் தெரியவேயில்லை. இரவலாகத் தரப்பட்ட 10×25 தொலைநோக்கி (பத்து மடங்கு பெருக்கம், 25 மில்லிமீற்றர் முன்வில்லை) இலைநிழலுக்கு ஒவ்வாது: அதில் கண்ணை அடையும் ஒளிவட்டம் 2.5 மில்லிமீற்றர்தான், 8×42 என்றால் ஐந்துக்கு மேல். சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதையே கொண்டுபோகவேண்டும். சித்திரை கழிந்தால் இந்தக் கதிர்குருவிகள் வடக்கே போய்விடும் என்பதால், நான் பங்குனியில் மறுபடியும் போகவிருக்கிறேன்.