45 டிகிரி வெட்டு: மைட்டர் கேஜா, ஸ்லெட்டா?

போட்டோ ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால், மூன்று மூலையை இறுக்கி ஒட்டியபின் நான்காவது மூலை நான்கு டிகிரி வாய் பிளந்து நிற்கும். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த அனுபவம் எனக்கும் உண்டு.

டேபிள் சா என்பது வட்டப் பிளேடு சுழலும் மேசை ரம்பம். அதோடு வரும் மைட்டர் கேஜ், மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்து மேசைப் பள்ளத்தின் வழியே தள்ளும் கருவி. அதன் அளவுக்கோடுகளை நம்பவே கூடாது. கம்பி பள்ளத்துக்குள் லேசாக ஆடும். மரத்தைச் சாய்த்துப் பிடிக்கும் முகப்பு சிறியது என்பதால் வெட்டும்போது மரம் நழுவும். நீளமான மரப்பட்டி ஒன்றை முகப்பில் திருகி, அதன்மேல் உப்புத்தாள் ஒட்டினால் பாதித் தொல்லை தீரும். அப்புறம், வெட்டும் துண்டின் நுனியை ஃபென்ஸில் (பிளேடுக்கு இணையாக மேசைமேல் நிற்கும் தடுப்பு) முட்டவைக்க வேண்டாம். துண்டு சிக்கி உங்கள் மேலேயே பாயும்.

ஸ்லெட் என்பது பிளைவுட் பலகை, அடியில் இரு பள்ளத்திலும் ஓடும் இரண்டு பட்டிகள், மேலே பிளேடுக்கு இருபுறமும் சாய்ந்த இரண்டு தடுப்புகள். அந்தத் தடுப்புகள் தங்களுக்குள் சரியாக 90 டிகிரி இருந்தால் போதும். ஒரு பக்கம் 44.8, மறுபக்கம் 45.2 என்று விழுந்தாலும், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று வெட்டிச் சேர்த்தால் மூலை நேராகிவிடும். செய்ய அரை நாள் பிடிக்கும். ஃபிரேம் வேலைக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆறுகோணத்துக்கு 30, எண்கோணத்துக்கு 22.5 என்று கோணம் மாறினால் மட்டும் சரி, கேஜ்தான்.