அக்னி தீர்த்தக் கரையில் அம்மாவுக்குத் திதி

தலைத் திவசத்துக்கு ராமேஸ்வரம் போனபோது விடுதிக்காரர் ஏற்பாடு செய்த சாஸ்திரிகளைப் பற்றி எழுதுகிறேன். எள், பச்சரிசி, தர்ப்பை எல்லாம் அவரே கொண்டு வந்தார், போனில் சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு வந்து "சாமி, ஆத்மான்னு ஒன்று நிஜமாகவே இருக்கா?" என்று கேட்டேன், மனுஷன் கோபப்படாமல் மணலில் உட்கார்ந்து, அதை ஆயுதம் வெட்டாது, நெருப்பு எரிக்காது, தண்ணீர் நனைக்காது என்று கீதை சொல்வதை நிதானமாக விளக்கினார். "நனையாததுக்கு எதுக்குத் தண்ணீர்?" என்றான் என் தம்பி. "விடுறது உங்க கைதானேப்பா" என்றார்.

ஆத்மாவுக்கு எடை உண்டா என்று பார்க்க டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த 6 பேரை எடைபோட்டு 1907-ல் முடிவை வெளியிட்டார், ஆத்மாவின் எடை 21 கிராம் என்ற கணக்கு அதில் ஒரே ஒருவரிடம் கிடைத்ததுதான், அதை நான் நம்பவில்லை. ஆனால் அம்மா பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விட்டபோது அவள் கேட்கிறாள் என்றே தோன்றியது, அதை எந்தத் தராசில் வைப்பது?

உடை மாற்றும் இடம்தான் மோசம், ஒரே சேறு. அமாவாசையில் கூட்டம் தாங்காது, சாதாரண நாளில் விடியற்காலையில் போங்கள், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வரலாம்.