டேபிள் சா வாங்கப் போகிறவர்களே, வீடியோவில் பிளேடு சுற்றுவதைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்

போர்ட்டபிள் டேபிள் சாவுக்கு (நடுவில் வட்ட ரம்பம் எழும்பி நிற்கும், மரம் அறுக்கும் மேஜை) என்று எடுத்து வைத்த ஒரு மாதச் சம்பளம் மொத்தமாகப் போச்சு. கருவிகளை ஆன்லைனில் "சீல் உடைக்காத புதுசு" என்று போட்டு விற்கும் ரகக் கடை. பெயர் போடவில்லை, புகார் போயிருக்கிறது. மெஷினைப் பற்றிச் சொல்கிறேன், உஷாராகிக்கொள்ளுங்கள்.

நம்ப வைத்தது ஒரு வீடியோ கால். 10 அங்குல மெஷினை ஓடவிட்டு, டேபிள்மேல் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டினார் கடைக்காரர். விழவில்லை. "இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார். அந்த நாணயம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: லோடு இல்லாமல் சுற்றும்போது அதிர்வு இல்லை. பிளேடும், மரத்தை அணைத்துத் தள்ளும் ஓரச் சட்டமான ஃபென்ஸும் இணையாக இருக்கிறதா என்று அது சொல்லாது. கேமரா கடைசிவரை ஃபென்ஸ் பக்கமே திரும்பவில்லை. இந்த வித்தைக்குத்தான் ஒரு மாதச் சம்பளம்.

வந்த மெஷினில் முதல் ரீப்பர் கிழிக்கும்போதே மரம் கருகியது, மோட்டார் திணறியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்ததில் வண்டவாளம் வெளியே வந்தது. ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, மூலைமட்டத்தை மைட்டர் காடியில் (டேபிளில் பிளேடுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் பள்ளம்) அணைத்து, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து ஓர் அளவு, பின்னால் சுழற்றி ஓர் அளவு. (அதே பல்தான். வேறு பல்லை எடுத்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும்.) வித்தியாசம் 0.1 மி.மீ. வாக்கில் இருந்தால் பரவாயில்லை. இதில் 1 மி.மீ.க்கு மேல். ஃபென்ஸ் பூட்டும்போது அதன் பின்முனை பிளேடு பக்கமாக 2 மி.மீ. சாய்கிறது. கருகலோடு நிற்கிற கோளாறு இல்லை இது. பின்பக்கப் பற்கள் டேபிளுக்கு அடியிலிருந்து மேலே எழும்பி வருபவை. அவற்றுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மரம் நெருக்குண்டால், அப்படியே தூக்கி நம் வயிற்றுக்கு நேராக எறியும். 10 அங்குல பிளேடு 5000 ஆர்பிஎம்மில் சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 240 கி.மீ.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால், அறுத்த பிளவு மூடாமல் பிடிக்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறது. பிளேடின் தகட்டைவிட அது தடிமனாகவும், பிளேடு வெட்டும் அகலத்தைவிட மெல்லிசாகவும் இருக்க வேண்டும். வந்ததில் நைஃப் 2.3 மி.மீ., பிளேடு வெட்டுவது 2 மி.மீ. மரம் நைஃபில் முட்டி நின்றுவிடுகிறது. அந்த மெஷினுக்குக் கம்பெனி கொடுத்த பிளேடே இல்லை அது! டேபிளுக்கு அடியில் ஆலன் போல்ட்டுகளின் தலை தேய்ந்து உருண்டிருந்தது; யாரோ பிளேடை நேராக்கப் போராடி, முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மோட்டாரில் ஓட ஓடத் தேயும் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றினால் 6 மி.மீ.தான் மிச்சம். சீல் உடைக்காத புதுசாம்.

போன் போட்டால் முதலில் "மரம் ஈரமா இருக்கும் சார்". அளவுகளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் "நைஃபைக் கழட்டிட்டு ஓட்டுங்க, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க". விரல் போனால் இந்த ஆளா வந்து நிற்பார்? அடுத்தது "பிளேடு மாட்டி ஓட்டிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது". ஓட்டாமல் எப்படித் தெரியும் என்றதற்குப் பதிலில்லை. கம்பெனி சர்வீஸில் கேட்டால் அந்த சீரியல் நம்பர் வேறொருவர் பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதாம். கடைக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை. ஒரு மாதச் சம்பளம், மூலையில் கிடக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. ஃபென்ஸ் முன்னாலும் பின்னாலும் பல்சக்கரத்தில் நகரும் மாடலாகப் பாருங்கள். முன்னால் மட்டும் பிடிக்கும் மலிவு ஃபென்ஸ் வேண்டவே வேண்டாம். பிளேடை நேராக்க வழி இருக்கிறதா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள், பல சின்ன மெஷின்களில் அது கிடையாது. சீரியல் நம்பரைப் பணம் கட்டும் முன்பே வாங்கி கம்பெனியில் விசாரியுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், போல்ட் தலைகளையும் சேர்த்து. ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகுங்கள். மெஷின் தானாக ஓட ஆரம்பித்தால் அந்த ஸ்விட்ச் ஆபத்து, அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.